மண் தொடாத கலப்பை

பட்டிப்பொலைக்குக் கீழே, வெள்ளைப்பாறைத் தோட்டத்து மேல் டிவிசனில், பன்னிரண்டு பெண்களுக்கு ஓடையோரமாக இரண்டு ஏக்கர் நிலம் கிடைத்தது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஐந்து வருடமாக மானாப்புல் மண்டவிட்ட நிலம். தனக்கு இனி உதவாது என்று தெரிந்த பிறகுதான் கம்பெனி அதைக் கொடுத்தது. பெண்கள் அதில் கரட் போடுவதென்று முடிவு செய்தார்கள். அந்தப் பக்கத்தில் டிராக்டர் இறங்கக்கூடிய சமதரை கிடைப்பது அபூர்வம். இது இறங்கும். அதனால் நானுஓயாவில் விதையும் உரமும் விற்கிற மஃறூப்பிடம் போய் டிராக்டர் கேட்டார்கள். டிராக்டரோடு வினோதா வந்தாள்.

வினோதாவுக்கு முப்பத்தாறு வயது. எட்டு வருடம் ஒரு விதைக் கிழங்குப் பண்ணையில் கூலிக்கு நின்றவள். அங்கே டிராக்டர் ஓட்டுகிறவன் பத்து மணிக்குமேல் நிதானத்தில் இருக்கமாட்டான். அவன் வரப்பில் படுத்திருக்கிற நேரங்களில் வினோதா ஓட்டப் பழகினாள். பிறகு முறைப்படி லைசன்ஸ் எடுத்தாள். மஃறூப் இரண்டு டிரைவர்களை வைத்துப் பார்த்து, இருவரும் ஆளுக்கொரு தடவை மெசினைப் பள்ளத்தில் தள்ளிய பிறகு, வேறு வழியில்லாமல் இவளைக் கூப்பிட்டார். வந்த நாளிலிருந்து டிராக்டரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவள் போகிற இடத்திலெல்லாம் யாருடைய மனதிலாவது ஒரு கீறல் விழுந்துவிடும். அவளுடைய வாய் அப்படி.

அவளைக் கேட்டால், வாயில் தப்பில்லை என்பாள். மண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் மண்ணைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் அவளுக்குப் பொறுக்காது. காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு உழுத நிலத்துக்குள் நடந்து வருகிற துரைமார், சனிக்கிழமை உழுது ஞாயிற்றுக்கிழமை விதை போடச் சொல்கிற முதலாளிமார், பொம்பளை ஓட்டினால் உழவு ஆழமாக விழாது என்கிற கிழவன்மார் என்று எல்லோரையும் அவள் மனதுக்குள் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். மேல் டிவிசன் பெண்களையும் முதல் நாள் அந்தச் சாக்கிலேயே போட்டாள். அவர்கள் டிராக்டருக்குச் சூடம் காட்டி, பொனட்டில் குங்குமம் வைத்தார்கள். வினோதா எஞ்சினை ஸ்டார்ட் செய்தாள். சூடம் புகையில் அணைந்தது.

முதல் உழவில் மானாப்புல் வேரோடு புரண்டது. வேரைப் பொறுக்கி எரித்துவிட்டு, மண்ணை மூன்று கிழமை காயவிட வேண்டும் என்றாள். பெண்கள் விட்டார்கள். பிறகு டொலமைட் சுண்ணாம்பு தூவி, மாட்டெரு இறைத்து வைக்கச் சொன்னாள். வைத்தார்கள். நான்காவது கிழமை திங்கட்கிழமை, தட்டுக் கலப்பையை மாட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு வரிசையில் பதினாறு இரும்புத் தட்டுகள் சாய்வாகக் கோத்த கலப்பை அது. டிராக்டர் இழுக்க இழுக்க, முதல் உழவில் புரண்ட கட்டிகளைத் தட்டுகள் வெட்டிப் பொடியாக்கிக்கொண்டே போகும். கரட் விதை கடுகைவிடச் சிறியது. மண்ணில் ஒரு கட்டி மிச்சமிருந்தாலும் கிழங்கு அதில் முட்டி இரண்டாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த கரட்டைச் சந்தையில் மாட்டுக்குப் போடக்கூட வாங்கமாட்டார்கள்.

பெண்களின் தலைவியாக இருந்தவள் சுலக்ஷனா. நாற்பத்தொரு வயது. இருபது வருடம் கொழுந்து பறித்த கை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கலப்பைக்குப் பின்னாலேயே வெறுங்காலோடு நடந்தாள். மேல் மூலையில் நின்று கையைத் தூக்கினாள்.

“இந்த எடம் சரியில்ல. காலுல குத்துது,” என்றாள்.

வினோதாவுக்குச் சுருக்கென்று ஏறியது. “நான் ரெண்டு தடவ ஓட்டிட்டேன்க்கா.”

“ரெண்டு தடவ ஓட்டுனீங்க. குத்துது.”

வினோதா இறங்கி வந்து கையை விட்டுப் பார்த்தாள். முட்டையளவு கட்டிகள் இருந்தன. திரும்ப ஏறி, குறுக்கே ஒரு சுற்று ஓட்டினாள். அன்றைக்குச் சாயந்தரம் சுலக்ஷனாவை மட்டும் சாக்கிலிருந்து எடுத்து வெளியே விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. கலப்பைக்குப் பின்னால் ஒரு பலகையைக் கட்டி இழுத்து மட்டமும் செய்தாயிற்று. இரண்டு ஏக்கரும் சலித்த மாவு மாதிரிப் படுத்திருந்தது. வியாழக்கிழமை பாத்தி பிடித்து வெள்ளிக்கிழமை விதைப்பதாக இருந்தார்கள். அப்போதுதான் தலைவர் வந்தார்.

தலைவரின் பெயர் ஆண்டியப்பன். தொழிற்சங்கத்தில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர். அவர் எந்தத் தொழிலைச் செய்து தொழிலாளரானார் என்பது டிவிசனில் யாருக்கும் ஞாபகமில்லை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும், அந்தச் சட்டைப் பைக்குள் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு பேனாவும் வைத்திருப்பார். இரண்டில் ஒன்றுகூட எழுதாது என்று ஒரு தடவை கையெழுத்துக் கேட்டவர்கள் சொன்னார்கள். அவர் வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணும் போடலையே. நல்லதாப் போச்சு,” என்றார். “சனிக்கெழம கொழும்புலேர்ந்து ஆள் வாறாங்க. பிரதி அமைச்சரோட இணைப்புச் செயலாளர். நெலம் பண்படுத்துற வேலய அவரு கையால ஆரம்பிச்சு வைக்கிறாரு.”

“பண்படுத்தி முடிஞ்சிருச்சுங்களே,” என்றாள் சுலக்ஷனா.

“முடிஞ்சா என்னம்மா? திரும்ப ஒருக்கா ஆரம்பிக்கிறது. மெசின் நிக்கணும். கலப்ப நிக்கணும். நீங்க பன்னெண்டு பேரும் ஒரே கலர் சேலையில நிக்கணும்.”

அவர் போன பிறகு வினோதா சுலக்ஷனாவிடம், “நாளைக்கே பாத்தியப் பிடிச்சிருங்கக்கா. வந்தா பாத்தியப் பாத்துட்டுப் போகட்டும்,” என்றாள்.

“முடியாது வினோ. லெட்டர் வாங்கித் தந்தவரு அவருதான்.”

நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று தோட்டத்து நிர்வாகம் கொடுத்த கடிதத்தைத்தான் சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன் ஆண்டியப்பன் அதை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கோயில் முன்னால் அவர்களிடம் கொடுத்திருந்தார். பன்னிரண்டு பேரும் குனிந்து வாங்கினார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவவும், அவர் கூட்டத்துக்குக் கதிரை அடுக்கவும் போய்க்கொண்டிருந்தார்கள்.

“லெட்டர்ல அவரு பேரு இருக்கா?”

“பேரு இல்ல. ஆனா அவரு கையாலதான தந்தாரு.”

இவ்வளவு கூர்மையான ஒருத்தி இப்படிக் குனிவதைப் பார்க்க வினோதாவுக்கு எரிச்சலாக வந்தது. சுலக்ஷனாவை மறுபடி சாக்குக்குள் போடலாமா என்று யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வானம் வெளுப்பாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. அந்த உயரத்தில் மழை விழுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்காது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து கசிந்துகொண்டே இருக்கும். சனிக்கிழமை விடியும்போது நிலம் குடிக்க வேண்டியதெல்லாம் குடித்துவிட்டிருந்தது.

வினோதா ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினாள். விரல் ரேகை பதிந்தது. ஆண்டியப்பன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். அவரிடம் போனாள்.

“அண்ணே, ஒரு விசயம்.” எல்லோரும் தலைவரே என்று கூப்பிடுகிற இடத்தில் அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். “மண்ணு ஈரமா இருக்கு. இப்ப கலப்பய எறக்குனா அப்பிடியே சேத்தக் கொழச்சு உருட்டிப் போட்டுரும். ரெண்டு நாள் வெயில் பட்டா செங்கல்லு மாதிரி ஆகிரும். இந்த ஒரு மாசப் பாடு முழுக்கப் போயிரும்.”

“மண்ணு தானம்மா,” என்றார் ஆண்டியப்பன். “காஞ்சதும் திரும்ப ஒடச்சிக்கலாம்.” அவர் கண் அப்போது ரிப்பன் கட்டுகிறவர்கள் மேல் இருந்தது.

பதினொரு மணிக்கு இணைப்புச் செயலாளர் வந்தார். பெரிய ஜீப். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், புல்லைப் பார்த்துவிட்டு, “இங்க அட்டை இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கத்தரிக்கோலை ஜீப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ரிப்பனையும் அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். அவர் இருக்கையில் இருந்தபடியே வெட்டினார். பன்னிரண்டு பெண்களும் கைதட்டினார்கள். பச்சைச் சேலை. குளிரில் ஒருத்தியின் உதடு நீலமாக இருந்தது.

அவரோடு வேறொரு வாகனத்தில் விவசாயத் திணைக்களத்து அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். கேதீஸ்வரி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட பெண். அவர் யாரும் சொல்லாமலேயே நிலத்தின் ஓரத்துக்குப் போய்க் குந்தினார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தார். மண் நாடா மாதிரி நீண்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து டிராக்டரைப் பார்த்தார். பின்பு கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு, வந்த இடத்துக்கே போய் நின்றார்.

வினோதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் மேல் இருந்தது லேசான வெறுப்பு; அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் இந்த மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. படித்த படிப்பே இதுதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதிகாரி சொன்னதை மீறி ஆண்டியப்பன் கலப்பையைத் தொடமாட்டார். அந்த வார்த்தையைக் கைக்குட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வினோதாவுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அதே மூச்சில் தன்னையும் நினைத்துக்கொண்டாள். தனக்கும்தான் தெரியும். சாவியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டில் இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. சம்பளம் தருகிற மஃறூப் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடி போடாத கேதீஸ்வரி.

“நீ எறங்கும்மா,” என்றார் ஆண்டியப்பன். “ஒரு சுத்து நான் ஓட்டுறேன். போட்டோவுக்கு.”

“கியர் தெரியுமா?”

“வேன் ஓட்டுவேன்ல.”

இறங்கினாள். அவர் ஏறி உட்கார்ந்தார். யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள். அவள் ஓரப் படியில் ஏறி அவரோடு ஒட்டி நின்றுகொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மெல்லப் போகிற கியரில் போட்டுக் கொடுத்தாள். இருக்கைக்கு வலது பக்கம், அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில், கலப்பையைத் தூக்கி இறக்குகிற லீவர் இருந்தது. கலப்பை அப்போது தூக்கின நிலையில் இருந்தது, ரோட்டில் வந்தபடியே.

வினோதா லீவரைத் தொடவில்லை.

யோசித்து எடுத்த முடிவென்று சொல்ல முடியாது. கை அதற்குப் போகவில்லை, அவ்வளவுதான். “ஓரமா ஓட்டுங்கண்ணே. நடுவுல போனா டயர் பொதஞ்சிரும்,” என்று மட்டும் சொன்னாள். உழாத புல்தரையும் பண்படுத்திய மண்ணும் சந்திக்கிற விளிம்பில் டிராக்டர் நகர்ந்தது. எஞ்சின் உறுமியது. கரும்புகை மேலே போனது. ஆண்டியப்பன் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, தூரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பதினாறு தட்டுகளும் நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில் சும்மா ஆடிக்கொண்டு வந்தன.

பெண்களுக்கு முதலில் புரிந்தது. பச்சைச் சேலை வரிசையில் ஒரு முந்தானை வாய்க்குப் போனது. அடுத்ததும் போனது. சுலக்ஷனா மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, மற்றவர்களைவிட உரக்கக் கைதட்டினாள்.

தலைவரின் மச்சினன் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சேற்றில் முழங்கால் போட்டுப் படம் எடுத்தவன் நிமிர்ந்து, “மாமா, மண்ணு கெளம்பலையே,” என்றான்.

ஆண்டியப்பன் திரும்பிப் பார்த்தார். அவர் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. ஏதோ சரியில்லை என்கிற அளவுக்கு மட்டும் புரிந்திருந்தது.

“ஈர மண்ணுக்கு உப்பிடித்தான் ஓட்டுறது,” என்று ஒரு குரல் கேட்டது. கேதீஸ்வரி. வரப்பில் நின்றபடி, வகுப்பில் பாடம் எடுக்கிற தொனியில், யாரையும் பார்க்காமல் சொன்னார். “முதல் சுற்றுக்கு மண் கிளம்பக் கூடாது.”

“ஆமா ஆமா,” என்றார் ஆண்டியப்பன் மச்சினனிடம். “மிஸ் சொல்றாங்கல்ல. நீ எடு.”

வினோதா கேதீஸ்வரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல வராத வாய்க்குப் பொய் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று நினைத்தாள். ஆனாலும் அந்தப் பொய்யால் இரண்டு ஏக்கர் தப்பித்தது.

சனிக்கிழமை சாயந்தரமே ஆண்டியப்பன் தன் முகநூல் பக்கத்தில் பதினொரு படங்களைப் போட்டார். நான்காவது படத்தில், சேற்றில் முழங்கால் போட்டுக் கீழிருந்து எடுத்ததால், தட்டுகளுக்கும் நிலத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்குள் அந்தப் பக்கத்து லயத்து வீடுகளின் தகரக் கூரையும், கொடியில் தொங்கிய ஒரு சிவப்புச் சட்டையும் துல்லியமாகத் தெரிந்தன. இப்படிப்பட்ட ஒரு படத்தைத் தன் கையாலேயே உலகத்துக்குக் காட்ட ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவை வரைக்கும் படம் போய்விட்டது. தலைவர் காற்றில் எந்தப் பயிர் போடப் போகிறார் என்று ஒருவர் கேட்டிருந்தார். மேகத்துக்குப் பட்டா கொடுக்கிறார்களா என்று இன்னொருவர். அவர் படத்தை நீக்குவதற்குள் அது நூறு இடத்தில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை வெயில் வந்தது. செவ்வாய்க்கிழமை மேல்மண் காய்ந்து வெளுத்தது. மழை தட்டிய பொருக்கை வாரியால் லேசாக உடைத்துவிட்டு, பாத்தி பிடித்து, பெண்கள் விதை போட்டார்கள். புதன்கிழமை ஆண்டியப்பன் நானுஓயாவில் மஃறூப்பின் கடைக்குப் போனார்.

வினோதா அப்போது கடைக்குப் பின்னால் டிராக்டருக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேசியது எல்லாம் கேட்டது.

“அந்தப் பொம்பள ஒரு வீடியோவுல சொல்லணும். மெசின் பழுது, கலப்ப எறங்கலன்னு. அது போதும். நான் மன்னிப்பெல்லாம் கேக்கல.”

மஃறூப் யாரையும் பகைத்துக்கொள்கிற ஆள் இல்லை. எல்லாக் கட்சியின் கலண்டரும் அவர் கடையில் தொங்கும். வினோதா அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. கிரீஸ் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, கூப்பிடப் போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

“தலைவர், அது மட்டும் சரிவராது,” என்றார் மஃறூப். “என்ட மெசின் பழுதுண்டு வீடியோ போட்டா, நாளக்கி யாரு வாடகைக்கி எடுக்கிய? டிரைவர் பிழை செஞ்சிட்டாண்டு செல்லுங்க. டிரைவர மாத்தலாம். மெசினுக்குக் கெட்ட பேரு வந்தா கழுவ ஏலாது.”

“டிரைவர் பிழைன்னா நான்ல ஓட்டுனேன். படத்துல நான்ல இருக்கேன்.”

“அதான் நானும் செல்றன்,” என்றார் மஃறூப் மரியாதையாக.

வினோதா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். நியாயம் என்ற பெயரில் அவளுக்காக யாரும் ஒரு விரலைத் தூக்கவில்லை. ஒரு வியாபாரி தன் இரும்புக்கு வந்த அவமானத்தைத் தடுத்ததில் அவள் தலையும் தப்பியது. பரவாயில்லை என்று தோன்றியது. மஃறூப் நானாவிடம் இருக்கிற நல்ல குணமே, அவர் தன்னை நல்லவர் என்று சொல்லிக்கொள்ளாததுதான்.

ஆனால் ஆண்டியப்பன் வெளியே வரும்போது அவளைப் பார்த்துவிட்டார்.

“சிரி,” என்றார். “அந்த நெலத்துக் கடுதாசிய அடுத்த மாசமே நிப்பாட்டுறேன். அப்ப அந்தப் பொம்பளைங்க ஒன்னையத்தான் ஏசுவாங்க.”

அவளுக்கு அது உறைத்தது. மறுநாள் பஸ் ஏறி மேல் டிவிசனுக்குப் போனாள். சுலக்ஷனா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வினோதா நடந்ததைச் சொன்னாள். கடைசியில், “நானே சொல்லிர்றேன்க்கா. மெசின் பழுதுன்னு. நானாவுக்குக் கோவம் வந்தா வரட்டும். ஒங்க நெலம் போகக் கூடாது,” என்றாள்.

சொல்லும்போதே தன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. முப்பத்தாறு வருடம் யாரிடமெல்லாம் இந்தக் குரலைக் கேட்டு முகம் சுளித்திருக்கிறாள்.

சுலக்ஷனா கோடரியை அடிக்கட்டையில் குத்தி நிறுத்தினாள். “பொறு. அவரால நிப்பாட்ட முடியுமான்னு மொதல்ல கேப்போம்.”

“யாருகிட்ட?”

“ஆபீசுல.”

மூன்று மாதத்தில் இதை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று வினோதாவுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்தவர் மகாலிங்கம். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. சாய்வு நாற்காலியில் சாய்கிற மாதிரிக் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுலக்ஷனா கேட்டதும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஆண்டியப்பனோ? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அது போன வருசம் கொம்பனி எடுத்த முடிவு. பன்னிரண்டு பேற்ற பேரையும் நான்தான் டைப் அடிச்சனான்.”

“அவருதானங்க சேர் கொண்டாந்து குடுத்தாரு.”

“அவர் அண்டைக்குத் தன்ர மகளின்ர விண்ணப்பத்துக்குத் துரையிட்டக் கையெழுத்து வாங்க வந்தவர். மேசையில உங்கட கடிதம் கிடந்தது. தான் குடுத்துவிடுறன் எண்டு எடுத்துக்கொண்டு போனவர். எனக்கும் தபால்காரனை அனுப்புற வேலை மிச்சம்.”

சுலக்ஷனா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “இத ஏன் சேர் எங்களுக்கு முந்தியே சொல்லல?”

“நீங்கள் கேக்கேல்லையே,” என்றார் மகாலிங்கம், மெய்யாகவே ஆச்சரியத்தோடு.

இருவரும் வெளியே வந்து நடந்தார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தைத் தாண்டியதும் சுலக்ஷனா நின்றாள்.

“அந்த ஆளு வீட்டுக் கல்யாணத்துல மூணு நாள் பாத்திரம் கழுவுனேன் வினோ,” என்றாள். “பெரிய அண்டா. உள்ள எறங்கி நின்னு கழுவுனேன்.”

வினோதாவிடம் நூறு ஏளனப் பேச்சு தயாராக இருந்தது. சுலக்ஷனாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் எடுக்க முடியவில்லை. அந்த முகம் தன்னைத்தானே போதுமான அளவுக்கு ஏசிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்தரம் பன்னிரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பனின் கூட்டத்துக்குக் கதிரை அடுக்க ஆள் வரவில்லை. அவரும் மச்சினனுமாக அடுக்கினார்கள். அவருடைய பதவி போகவில்லை. அப்படிப்பட்டவர்களின் பதவி அவ்வளவு லேசில் போகாது. மேலே இருக்கிறவர்களுக்கும் தாம்பாளத்தில் கடிதம் கொண்டுபோகிற ஆள் வேண்டும். ஆனால் அவர் மேல் டிவிசனுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வெள்ளைச் சட்டையைப் பார்த்து யாரும் சட்டென்று எழுந்து நிற்பதில்லை. அழகுமுத்து என்ற பெண் ஒரு தடவை, கொழுந்துக் கூடையை இறக்காமல், “தலைவரே, மேல வானம் காலியா இருக்கு,” என்று சொன்னதாகக் கேள்வி. சொன்னாளோ இல்லையோ, டிவிசன் முழுக்க அதைத் திரும்பச் சொன்னார்கள்.

கரட் பதின்மூன்றாம் நாள் முளைத்தது. பாத்தி நெடுக நூல் பிடித்த மாதிரி ஒரே சீராக முளைத்தது.

அந்த நேரத்தில் கம்பெனி பக்கத்திலேயே இன்னும் ஒரு ஏக்கரைத் தன் கணக்கில் லீக்ஸ் போடத் திறந்தது. முதல் உழவு முடிந்து, தட்டுக் கலப்பை போட வேண்டிய நாள். முந்தின நாள் மழை. தோட்டத்துச் சின்னதுரை மயூரதன் புதிதாக வந்தவர். அன்றைக்கே முடிக்க வேண்டும் என்று மஃறூப்புக்குப் போன் பண்ணி டிராக்டரை வரவழைத்திருந்தார். வினோதா வந்து எஞ்சினை நிறுத்திவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கிப் பேசுவது வீண் என்று தெரியும். அப்போது கேதீஸ்வரியின் வாகனம் வந்தது. முளைப்பு எப்படி என்று பார்க்க வந்திருந்தார்.

கரட் பாத்திகளை நெடுக நடந்து பார்த்துவிட்டு, டிராக்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்டைக்கு நான் முதலே சொல்லியிருக்கலாம்,” என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

இல்ல மிஸ், பரவால்ல மிஸ் என்று வினோதா சொல்வாள் என எதிர்பார்த்திருக்கலாம்.

“ஆமா,” என்றாள் வினோதா. “சொல்லியிருக்கலாம்.”

கேதீஸ்வரியின் முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றார். பிறகு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு உழுத நிலத்துக்குள் இறங்கினார். குந்தி, மண்ணை எடுத்துத் தேய்த்தார். நிமிர்ந்தார்.

“மிஸ்டர் மயூரதன்,” என்றார். அந்தப் பக்கத்து மலையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. “இண்டைக்கு இதுக்குள்ள கலப்பை இறக்கக் கூடாது. இன்னும் ரெண்டு நாள் பொறுக்கோணும். இறக்கினால் நான் அறிக்கையில எழுதுவன்.”

சின்னதுரை திரும்பி வினோதாவைப் பார்த்தார்.

வினோதா இருக்கையிலிருந்து எட்டி, நிலத்தின் கீழ் மூலையைப் பார்த்தாள்.

“ரெண்டு இல்ல மிஸ், மூணு,” என்றாள். “அந்த மூலையில தண்ணி நிக்குது, பாக்கலையா?”